வி. கிருஷ்ணசாமி ஐயர்: வீழ்ந்த வங்கியும் எழுந்த வங்கியும்

எமது கல்லூரியில் கற்றவர்களுள் பாரதியார் பாடல் ஒன்றையேனும் பிரார்த்தனை மண்டபத்தில் நின்று பாடாதவர் எவரும் இருக்கமாட்டார். அந்தப் பாடல்கள் முதன்முதலாகச் சிறு பிரசுரமாக அச்சேறியது 1907ஆம் ஆண்டில். அச்சுக்கூலி கொடுத்தவர் சென்னை மயிலாப்பூரைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர். பாரதியாரின் அரசியலுக்கு எதிர்த்தரப்பில் நின்றவர் அவர். அதே ஆண்டில், அதே கையால், அவர் ஒரு வங்கியையும் தொடக்கிவைத்தார்.

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது பெண்களும் சேமிப்பும் என்ற பொருளில் ஒரு கட்டுரை. நீண்ட காலம் வர்த்தகமும் கணக்கீடும் படிப்பித்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுத உட்கார்ந்தபோது, புத்திமதி சொல்வதைவிட ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்வதே மேலெனப்பட்டது. ஆகவே இக்கட்டுரை வி. கிருஷ்ணசாமி ஐயரைப் பற்றியது. அவரைச் சொல்லப் புகுந்தால் ஆர்பத்நொட் கம்பனி என்ற தனியார் வங்கிப் பங்குடைமையின் கதையையும் சொல்லாமல் விடமுடியாது.

கிருஷ்ணசாமி ஐயர் 1863ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி தஞ்சாவூர் மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணத்து அரசினர் கல்லூரியிலும் பின்னர் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் கற்று, சட்டம் படித்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். அக்காலத்துச் சென்னையில் மயிலாப்பூர் வழக்கறிஞர்கள் என்றால் ஒரு தனிச் சமூகம். எஸ். சுப்பிரமணிய ஐயர், பாஷ்யம் ஐயங்கார் போன்ற பெரியவர்கள் வழிகாட்ட, அடுத்த தலைமுறையில் முன்னணிக்கு வந்தவர்களுள் கிருஷ்ணசாமி ஐயர் ஒருவர். 1891இல் தொடங்கிய மெட்ராஸ் சட்ட சஞ்சிகையின் வளர்ச்சியில் அவருக்கும் பி. ஆர். சுந்தரம் ஐயருக்கும் பெரும் பங்குண்டு.

ஆளின் இயல்பையும் சொல்லவேண்டும். சட்டென்று கோபம் வரும். நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இதனால் பகைத்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் கை தாராளமானது. சம்பாதித்ததை நிறுவனங்களாக மாற்றிவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. மயிலாப்பூரில் வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலை 1905இலும், சென்னை சமஸ்கிருதக் கல்லூரி 1906இலும் அவருடைய முயற்சியால் எழுந்தன. இரண்டிலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். தாம் இல்லாதபோதும் அவை நடக்கவேண்டும் என்ற எண்ணத்துடனேயே அவற்றை அமைத்தார். இந்தப் பழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஆர்பத்நொட் கம்பனிக்கு வருவோம்.

எங்களுக்கு இறைவன் தந்த துறைமுகம் போலச் சென்னைக்கு ஒன்று இருக்கவில்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பொருளும் மனிதரும் மசூலாப் படகில் ஏறி அலையோடு போராடிக் கரைசேர வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அங்கே செயற்கையாக ஒரு துறைமுகத்தைக் கட்டினார்கள். இருந்தும் பெரிய வணிக மாளிகைகள் அந்தத் துறையற்ற கரையிலேயே எழுந்தன. எமது திருகோணமலையின் ஆழமான குடாவையோ பிரித்தானியர் கடற்படைக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். இயற்கைத் துறைமுகம் எமக்கு, வியாபாரம் அவர்களுக்கு என்றாயிற்று. இதை ஒரு மனக்குறையாகவே சொல்கிறேன். பொருளியல் வகுப்பில் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது எனக்குச் சரியான விடை வந்ததில்லை.

சென்னைக் கடற்கரையோரம் கோலோச்சிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் பாரி, பின்னி, ஆர்பத்நொட் ஆகிய மூன்றும் முதன்மையானவை. ஆர்பத்நொட் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோர்ஜ் ஆர்பத்நொட் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் பெயரோடு வளர்ந்தது. இப்படியான நிறுவனங்களை ஏஜென்சி மாளிகைகள் என்பார்கள். ஏற்றுமதி, இறக்குமதி, தோட்டங்களின் முகாமை, கப்பல், காப்புறுதி என்று எல்லாவற்றுக்கும் முகவராக இருப்பார்கள். இவற்றோடு வங்கித் தொழிலும் சேர்ந்திருக்கும். இது தொடங்கிய விதம் எளிமையானது. உத்தியோகத்துக்காக இந்தியா வந்த ஆங்கிலேயர்கள் தமது சம்பளத்தின் மிச்சத்தைத் தமக்குத் தெரிந்த வியாபாரியிடம் கொடுத்து வைத்தார்கள். வியாபாரி அதற்கு வட்டி கொடுத்தார். அந்தப் பணத்தைக் கொண்டு வியாபாரம் செய்தார். நாளடைவில் சுதேசிகளும் கொடுத்து வைக்கத் தொடங்கினார்கள். மதராஸ் வங்கி போன்ற அரை அரசாங்க வங்கி கொடுப்பதைவிட இங்கே வட்டி கூடுதல்.

யார் யார் பணம் வைத்தார்கள் என்று பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஓய்வுபெற்ற நீதிபதிகளும் எழுதுவினைஞர்களும் பணிக்கொடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். கணவனை இழந்த பெண்களுக்கு வந்த பணத்தை ஆண் உறவினர்கள் அங்கே வைத்துக் கொடுத்தார்கள். மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணமும் தர்ம காரியங்களுக்கென்று ஒதுக்கிய பணமும் அங்கே இருந்தன. சென்னை நகரத்தில் நடுத்தரக் குடும்பம் ஒன்று நாலு காசு மிச்சம் பிடித்தால் ஆர்பத்நொட்டில் போடுவது என்பது, எங்கள் ஊரில் நகையாக்கிக் கழுத்தில் போடுவது போல, கேள்வி கேட்காமல் செய்யும் காரியமாக இருந்தது.

வர்த்தக வகுப்பில் பங்குடைமையின் இலக்கணத்தை மனனம் செய்தவர்கள் இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளுள் பலர் இருப்பீர்கள். பங்காளிகளின் பொறுப்பு வரையறை அற்றது. நிறுவனத்தின் கடனுக்கு அவர்களுடைய சொந்த வீடும் வளவும்கூடப் பதில் சொல்லவேண்டும். ஒரு பங்காளி செய்யும் காரியம் மற்றப் பங்காளிகளையும் கட்டுப்படுத்தும். பரீட்சைக்கு எழுதி மறந்துவிடும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள்ளேதான் 1906ஆம் ஆண்டின் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வரையறையற்ற பொறுப்பு என்பது வைப்பாளருக்கு நல்ல பாதுகாப்பு என்றே மேலோட்டமாகத் தோன்றும். பங்காளியின் கடைசிச் சதம்வரை பிணையாக நிற்கிறதல்லவா? ஆனால் ஆயிரக்கணக்கானவர்களின் பணம் இரண்டு மூன்று பேருடைய கையில் சேர்ந்தபின், அந்த இரண்டு மூன்று பேருடைய வீடு வளவு எந்த மூலைக்குப் போதும்? மேலும், அக்காலத்து இந்தியக் கம்பனிச் சட்டப்படி பத்துப் பேருக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து வங்கித் தொழில் நடத்தினால்தான் அதைக் கம்பனியாகப் பதியவேண்டும். அதற்குக் குறைந்த பங்காளிகளைக் கொண்ட நிறுவனம் எதையும் பதியத் தேவையில்லை. ஐந்தொகையை வெளியிடத் தேவையில்லை. கணக்காய்வாளரை உள்ளே விடத் தேவையில்லை. வெளியாருக்குத் தெரிவது நிறுவனத்தின் பெயரும், அந்தப் பெயருக்குரியவர் ஏறி வரும் குதிரை வண்டியும்தான்.

இது ஆர்பத்நொட்டுக்கு மாத்திரம் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். 1830இல் கல்கத்தாவில் பாமர் கம்பனி என்ற மிகப் பெரிய ஏஜென்சி மாளிகை சரிந்தது. அடுத்த சில வருடங்களில் அங்கிருந்த மற்றப் பெரிய மாளிகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்தப் பாடம் சென்னைக்கு வந்துசேர எழுபத்தாறு வருடங்கள் பிடித்தன.

1906இல் ஆர்பத்நொட் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் சேர் ஜோர்ஜ் கோ ஆர்பத்நொட். 1901இல் சேர் பட்டம் பெற்றவர். சென்னை வெள்ளையர் சமூகத்தில் அவரை மிஞ்சிய வணிகர் இல்லை. இலண்டன் காரியங்களைப் பார்த்தவர் மக்ஃபடியன் என்ற பங்காளி. அங்கே அவர் பெயரிலேயே தனி நிறுவனம் நடந்தது. ஆனால் இரண்டினதும் காசு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. சென்னையில் வைப்பாகச் சேர்ந்த பணம் கடல் கடந்து போய் ஊக வியாபாரங்களில் மாட்டிக்கொண்டது. நட்டம் வந்தபோது அதை ஈடுசெய்ய இன்னும் பெரிய ஊகத்தில் இறங்கினார்கள். பழைய வைப்புக்கு வட்டி கொடுக்கப் புதிய வைப்பு தேவைப்பட்டது. வெளியில் எவருக்கும் எதுவும் தெரியாது. நிறுவனத்தின் கணக்கு நிலைமை மிக மோசமான பிறகும் வைப்புக்களை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். இவை எல்லாவற்றிலும் மன்னிக்க முடியாதது அதுதான் என்பது என் எண்ணம்.

1906 ஒக்டோபர் மாதம், இலண்டனில் மக்ஃபடியன் புகையிரதத்துக்கு முன்னால் தம் உயிரை முடித்துக்கொண்டார். அந்தச் செய்தியோடு இலண்டன் நிறுவனம் மூடப்பட்டது. ஒக்டோபர் 22ஆம் திகதி திங்கட்கிழமை சென்னையில் ஆர்பத்நொட் கம்பனி கொடுப்பனவுகளை நிறுத்தியது. ஏறத்தாழ 7,000 பேருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது; மொத்தம் பத்து இலட்சம் பவுண் அளவு. ஒரு பவுணுக்கு 15 ரூபா விற்ற காலம் அது. மாதம் முப்பது நாற்பது ரூபா சம்பளத்தில் ஒரு குடும்பம் கௌரவமாக வாழ்ந்த காலமும் அதுவே.

சனிக்கிழமை வரை பணக்காரராக இருந்தவர் திங்கட்கிழமை கடன்காரரானார். நிச்சயித்த கல்யாணங்கள் நின்றுபோயின. பிள்ளைகளின் படிப்பு நின்றது. இப்படிப்பட்ட வேளைகளில் முதலில் நிற்பது எந்தப் பிள்ளையின் படிப்பு என்பதைப் பெண்கள் கல்லூரியின் மலரில் விளக்க வேண்டியதில்லை.

அதே 1906 ஒக்டோபரில்தான், அதே மாகாணத்தில், வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டுவதற்காகச் சுதேசிக் கப்பற் கம்பனியைப் பதிவு செய்தார். வெள்ளைக்காரன் செய்வதை நாமும் செய்யலாம் என்ற துணிவு தமிழ்நாட்டில் எழுந்துகொண்டிருந்த நேரம். வெள்ளைக்காரன் என்றாலே நாணயம் என்றிருந்த நம்பிக்கையும் அந்த மாதத்தில் உடைந்தது.

கிருஷ்ணசாமி ஐயருக்கு அப்போது வயது 43. பணத்தை இழந்தவர்கள் தமக்காக வாதாட அவரிடம் வந்தார்கள். நொடிந்துபோன நிறுவனத்தின் விடயங்களைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், பெரிய மனிதரின் பெயரைக் கெடுக்கவேண்டாம் என்று எண்ணியவர்கள் அப்போது இல்லாமலில்லை. ஐயர் அதற்கு இணங்குபவர் அல்லர். கணக்குகள் நீதிமன்றத்தில் திறக்கப்படவேண்டும் என்று கடன்கொடுத்தோர் சார்பில் நின்றார். சேர் ஜோர்ஜ் மீது குற்றவியல் வழக்கும் நடந்தது. முடிவில் அவருக்குப் பதினெட்டு மாதக் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிரித்தானிய ஆட்சியில், சேர் பட்டம் பெற்ற ஆங்கிலேய வணிகர் ஒருவர் சுதேசிகளின் பணத்துக்காகச் சிறை சென்றது சிறிய செய்தி அன்று.

ஆனால் சிறைத்தண்டனை எவருடைய வைப்பையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அக்காலத்தில் வங்குரோத்து விடயங்களுக்கு இருந்த சட்டம் 1848ஆம் ஆண்டுப் பழஞ்சட்டம். இத்தனை பெரிய வீழ்ச்சியைக் கையாள அதற்கு வலு இல்லை என்பது வெளிச்சமாயிற்று. 1909இல் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கென்று புதிய வங்குரோத்துச் சட்டம் வந்தது.

வழக்கில் வென்றதோடு ஒரு வழக்கறிஞரின் வேலை முடிந்துவிடும். கிருஷ்ணசாமி ஐயரை நான் மதிப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததற்காக. இன்னும் சரியாகச் சொன்னால், வழக்கு முடியும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. வீழ்ச்சி நடந்து சில கிழமைகளுக்குள், 1906 நவம்பரிலேயே, சுதேசிகளின் மூலதனத்தில் ஒரு வங்கி வேண்டும் என்று நண்பர்களைச் சேர்த்து அழைப்பு விடுத்தார். நேரத்தைக் கவனியுங்கள். நகரத்தில் வங்கி என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் மிரண்டுபோயிருந்த வேளை. அந்த வேளையில் போய், இன்னொரு வங்கிக்குப் பணம் தாருங்கள் என்று கேட்பதற்கு ஒருவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

வழக்கறிஞர்களுக்குச் சட்டம் தெரியும். வங்கித் தொழில் தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். இங்கே கொழும்புச் செட்டியார் தெருவை அறிந்தவர்களுக்கு அவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இலங்கை, பர்மா, மலாயா எங்கும் அவர்களுடைய வட்டிக்கடைகள் இருந்தன. அவையும் தனியார் பங்குடைமைகளே. குடும்பத்தின் முதலெழுத்துக்களைக் கோத்த விலாசம்தான் கடையின் பெயர். ஊரிலிருக்கும் முதலாளி அனுப்பும் மேலாள் மூன்று வருடத் தவணைக்குக் கடல் கடந்து வருவார். மனைவி மக்கள் செட்டிநாட்டில் இருப்பார்கள். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக வேலை பழகி மேலே வருவார்கள். பெண்களின் சீர்ப்பணமும் கடையிலேயே வட்டிக்கு நிற்கும். கடன்பட்ட எமது விவசாயிகளும் சிறு தோட்டக்காரரும் செட்டியாரைப் பற்றி வேறுவிதமாகச் சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் கணக்கு வைப்பதில் அவர்களிடமிருந்த ஒழுங்கு அக்காலத்து வெள்ளைக்கார நிறுவனங்கள் பலவற்றில் இருக்கவில்லை.

நகரத்தார்கள் கிருஷ்ணசாமி ஐயரின் அழைப்புக்கு இசைந்தார்கள். அவர்களுள் முக்கியமானவர் இராமசாமிச் செட்டியார். பிற்காலத்தில் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவிய ராஜா சேர் அண்ணாமலைச் செட்டியாரின் தமையனார் அவர். புதிய வங்கியின் முதல் பணிப்பாளர்களுள் ஒருவரானார். சட்டம் தெரிந்தவர்களும் வட்டி தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இந்தியன் வங்கி 1907 மார்ச் 5ஆம் திகதி கம்பனியாகப் பதிவு செய்யப்பட்டது. அதிகாரமளிக்கப்பட்ட மூலதனம் 20 இலட்சம் ரூபா. அதே ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி பாரிமுனையில் கதவைத் திறந்தது. அந்தத் திகதிக்கு நாற்பது வருடங்களுக்குப் பின் வேறொரு பெருமை வந்து சேரும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

பார்வைக்கு இதுவும் பணம் வாங்கிப் பணம் கொடுக்கும் இடந்தான். உள்ளே இருந்த வேறுபாட்டை வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறேன். ஆர்பத்நொட்டில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குரியவர் பெட்டியைத் திறக்கவும் மூடவும் தாமே அதிகாரி. இந்தியன் வங்கியில் பங்குதாரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களின் பொறுப்பு அவரவர் வாங்கிய பங்குகளோடு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, பணிப்பாளர் சபை கூடவேண்டும்; கணக்காய்வாளர் பேரேட்டைப் பார்க்கவேண்டும்; வருடந்தோறும் ஐந்தொகை வெளியே வரவேண்டும்; பங்குதாரர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். கிருஷ்ணசாமி ஐயர் வங்கிக்குத் தமது பெயரை வைக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

வங்கி உருவாகிக்கொண்டிருந்த அதே 1907இல்தான் பாரதியார் சம்பவம் நடந்தது. கிருஷ்ணசாமி ஐயர் காங்கிரசில் மிதவாதி, கோகலேயைப் போற்றியவர். பாரதியார் திலகரின் பக்கம். அவர் நடத்திய இந்தியா பத்திரிகை மிதவாதிகளை விட்டுவைத்ததில்லை. மயிலாப்பூர்க் கனவான்களும் அதில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே. பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் ஒருநாள் பாரதியாரை ஐயரின் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பாடச் சொன்னார். பாட்டைக் கேட்ட ஐயர் உருகிப்போனார். இவை மக்களிடம் போகவேண்டும் என்று தீர்மானித்துத் தமது செலவிலேயே 15,000 பிரதிகள் அச்சிடுவித்து இலவசமாக வழங்கச் செய்தார். தம்மைக் குறைசொல்லும் பத்திரிகைக்காரரின் பாட்டு என்று அவர் தயங்கவில்லை. கோபக்காரர்களிடம் சில வேளைகளில் இப்படி ஒரு பெருந்தன்மையும் ஒட்டியிருக்கும். எமது பழைய ஆசிரியைகளுள் ஓரிருவரை நினைத்துப் பார்த்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

பாட்டினால் அரசியல் மாறவில்லை. அந்த வருடக் கடைசியில் சூரத் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. அடுத்த வருடம் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். 1909இல் கிருஷ்ணசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். தீவிரவாதிகள் சிறையிலும் வெளியூரிலும் கிடக்கையில் இவர் அரசாங்க ஆசனத்தில் ஏறினார் என்ற குறை அப்போதே சொல்லப்பட்டது; இப்போதும் சொல்லப்படுகிறது. அந்தக் குறையை மறைத்து எழுதுவது சரியல்ல. ஆட்சிக்கு உள்ளே நின்று செய்யக்கூடியது உண்டு என்று அவர் நம்பினார். அவ்வளவே நாம் சொல்லலாம். 1911இல் ஆளுநரின் நிர்வாக சபை உறுப்பினராக நியமனம் பெற்றார். அந்தப் பதவியில் அவர் அதிக காலம் இருக்கவில்லை. 1911 டிசம்பர் 28ஆம் திகதி, நாற்பத்தெட்டாவது வயதில் காலமானார்.

அவருடைய பிள்ளைகளுள் கி. சந்திரசேகரன் எழுத்தாளரானார். மகள் கி. சாவித்திரி அம்மாளும் தமிழில் எழுதிப் பெயர் பெற்றார். அந்தத் தலைமுறையில் வைதிகக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பேனாவை எடுப்பது எளிதான காரியம் அல்ல.

வங்கிக்கு உண்மையான பரீட்சை ஐயர் மறைந்தபின் வந்தது. சுதேசி உற்சாகத்தில் இந்தியாவெங்கும் தோன்றிய வங்கிகள் பல 1913இல் சரிந்தன. இலாகூரில் பீப்பிள்ஸ் வங்கி போயிற்று. பம்பாயில் ஸ்பீசி வங்கி போயிற்று. இவை பதிவு செய்யப்பட்ட கம்பனிகளே. ஆகவே, பங்குடைமை என்றால் கெட்டது, கம்பனி என்றால் நல்லது என்று நான் எழுதியதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தொகை வெளியிட்டாலும் அதை வாசிக்க ஆள் வேண்டும். பணிப்பாளர் சபை கூடினாலும் அங்கே கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். கேள்வி கேட்கப் பழகியவர்கள் தொடங்கிய இந்தியன் வங்கி அந்த அலையில் நின்று பிடித்தது.

இலங்கைக்கு இந்தக் கதை புதிதன்று. கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்தபின், 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி இங்கே கதவை மூடியது. அந்த வங்கியின் நோட்டுக்களே நாடு முழுவதும் காசாகப் புழங்கின. ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் அரசாங்கத்தின் பேரில் அந்த நோட்டுக்களுக்குப் பொறுப்பேற்றதனால் மக்கள் தப்பினார்கள். அதன்பின்னரே நாணயத்தாள் வெளியிடும் வேலையை அரசாங்கம் தானே எடுத்துக்கொண்டது. 1925இல் செட்டியார் நிறுவனம் ஒன்று கொழும்பில் நொடித்தபோது, ஆங்கிலேய வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கிவிட்டன. செட்டியாரிடம் கடன் வாங்கிப் பிழைத்த சிறு வியாபாரிவரை அதன் அடி வந்து சேர்ந்தது. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. சுதேசிகளுக்குக் கடன் கொடுக்க ஒரு நாட்டு வங்கி வேண்டும் என்ற கருத்து அதனால் வலுப்பெற்று, 1939 ஓகஸ்ட் முதலாம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது.

அதற்கு முன்னரே, 1932இல், கிருஷ்ணசாமி ஐயரின் இந்தியன் வங்கி கொழும்பில் கிளை திறந்துவிட்டது.

எமது ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. இராமசாமிச் செட்டியாரின் தம்பி நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் சுவாமி விபுலாநந்தர். திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய அதே சுவாமிகள்தான். பாரதியாரை இலக்கியமாக ஏற்கப் பண்டிதர்கள் தயங்கிய அந்நாளில், சிதம்பரத்தில் மாணவர்களைச் சேர்த்துப் பாரதி பாடல்களைப் படிக்க வைத்தவரும் அவரே. மயிலாப்பூரில் இலவசமாக வழங்கப்பட்ட அந்தச் சிறு பிரசுரத்தின் பாட்டுக்கள், வங்கியைத் தொடக்கிய குடும்பம் ஒன்று எழுப்பிய கல்விக்கூடத்தில், எங்கள் ஊரில் வேலை செய்த ஒரு துறவியின் குரலில் மறுபடி ஒலித்தன.

என் அம்மம்மா வங்கிப் படி ஏறியதே இல்லை. அவவின் சேமிப்பு அலுமாரிக்குள் இருந்த முட்டியும், கழுத்தில் கிடந்த அட்டியலும், அயலில் பிடித்த சீட்டும்தான். தேவை வந்தால் அட்டியல் அடைவுக்குப் போகும்; மீட்டு வந்தால் மறுபடி கழுத்தில் ஏறும். வங்கியைப் பற்றிக் கேட்டால், தெரியாத ஆளிடம் காசைக் கொடுத்துவிட்டு எப்படி நித்திரை கொள்வது என்பா. சின்ன வயதில் நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆர்பத்நொட்டின் கதையை வாசித்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ கேட்டதைத்தான் அந்த 7,000 பேரும் கேட்டிருக்க வேண்டும். சீட்டுக் காசை யார் வைத்திருக்கிறார், இதுவரை எத்தனை பேர் எடுத்துவிட்டார்கள், மிச்சம் எவ்வளவு என்று அவ கொப்பியில்லாமலே சொல்லுவா. சீட்டுப் பிடித்தவ கணக்குச் சொல்லத் தவறினால் அடுத்த மாதம் அந்தப் படலையை மிதிக்கமாட்டா.

இப்போது எமது கல்லூரியில் வர்த்தகப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கம்பனிகளின் வருடாந்த அறிக்கைகளை வாசித்து ஐந்தொகையை ஆராயும் பயிற்சி கொடுக்கிறார்கள். போன தவணையில் ஒரு வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். பின்வாங்கில் இருந்த மகள் ஒருத்தி, வைப்பாக வாங்கிய பணம் ஏன் சொத்துப் பக்கத்தில் இல்லாமல் பொறுப்புப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டாள். ஆசிரியை விடையைச் சொல்லாமல், அந்தப் பணம் யாருடையது என்று அவளிடமே திருப்பிக் கேட்டார்.